உலகத் திரைப்பட ரசனை: இலங்கையும் மாத்தளையும்

பிறமொழிப் படங்களை உபதலைப்புகளின் துணையோடு பார்த்து, கதையோடு நின்றுவிடாமல் காட்சியமைப்பு, ஒலி, படத்தொகுப்பு ஆகியவற்றின் வழியே இயக்குநரின் பார்வையையும் உணர்ந்து அனுபவிக்கும் பழக்கம் உலகத் திரைப்பட ரசனை எனப்படும். வணிகத் திரையரங்குகளுக்கு வராத படங்களைத் தருவித்துப் பார்த்து விவாதிப்பதற்காக உறுப்பினர்கள் சந்தா செலுத்தி நடத்தும் திரைப்படச் சங்கங்களே இதன் நாற்றங்கால். 1925இல் லண்டனிலும், 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோரின் முயற்சியால் கல்கத்தாவிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின.

இலங்கையின் தோட்டத் தொழிலாளர்கள் ஐரோப்பியக் கலைப்படங்களின் பார்வையாளர்களாவதற்கு முன்பே அத்தகைய படமொன்றில் இடம்பெற்றுவிட்டனர். தேயிலைப் பிரசாரச் சபைக்காகப் பேசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தில், கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசிக்கிறார். அதன் மூன்றாம் பகுதியில், கொழுந்து பறிக்கும் காட்சிகளின் மீது சந்தை விலைகளைச் சொல்லும் குரல்களும் தந்தி ஒலிகளும் படிகின்றன; பறிப்பவர்கள் பேசுவதில்லை, சந்தை பேசுகிறது. விளம்பரத்துக்கெனப் பணம் பெற்ற படமொன்று ஒலியாலேயே வணிகத்தின் பிடியைக் காட்டிவிட்டது பெருஞ்சாதனையாகும். இறத்தோட்டை முதலிய பெருந்தோட்டப் பகுதிகளைக் கொண்ட மாத்தளையின் வாசகருக்குப் படத்தின் இந்த மூன்றாம் பகுதி தனி ஈடுபாடு தரக்கூடியது.

இலங்கையில் 1948இல் உருவான அரசாங்கத் திரைப்படப் பிரிவிலிருந்து விலகிய இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகியோர் 'ரேகாவ' (1956) படத்தைக் கலையகத்துக்கு வெளியே, கிராமத்து வெளிச்சத்திலேயே எடுத்தனர். அது 1957இல் கான் திரைப்பட விழாவில் போட்டியிட்டது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய பீரிஸின் 'கம்பெரலிய', ராய் நடுவர் குழுத் தலைவராக இருந்த 1965 புதுடில்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றபோது, ஆசியாவின் இரு பெருங்கலைஞர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டனர் என்றே கொள்ளலாம். மாத்தளை மாவட்டத்தின் சீகிரியாவை ஆண்ட காசியப்பனின் கதையைக் கூறும் 'த கோட் கிங்' (1974) என்ற பிரித்தானியக் கூட்டுத் தயாரிப்பையும் அவரே இயக்கினார். எனினும் அவருடைய ஆற்றல் அரண்மனையைவிடக் கிராமத்து வீட்டின் உள்ளறைகளிலேயே நிறைவாக வெளிப்பட்டது.

தமிழகப் படங்களில் ஊறியிருந்த இலங்கைத் தமிழரிடையே இந்த ரசனை மெல்லவே வேரூன்றியது. வி. பி. கணேசனின் 'புதிய காற்று' (1975) தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பேசியது. மாத்தளை கார்த்திகேசு 'அவள் ஒரு ஜீவநதி' (1980) படத்தைத் தயாரித்தார். இவை பழகிய திரைமொழியை ஒட்டியே சென்றன. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி', சாதியால் தடுக்கப்படும் காதலை நிதானமான நடையில் காட்டியதால், அந்நடைக்குப் பழகியிராத மக்களிடம் வரவேற்புப் பெறவில்லை. அப்படத்துக்குக் கிடைக்காத பார்வையாளரை உருவாக்கும் பணியை விமர்சகர்கள் எழுத்தால் மேற்கொண்டனர். 'அசையும் படிமங்கள்' நூலை எழுதிய கே. எஸ். சிவகுமாரன் பன்னாட்டு விழாக்களில் பார்த்த படங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிமுகப்படுத்தினார், அ. யேசுராசா கட்டுரைகளோடு திரையிடல்களிலும் ஈடுபட்டார். பிற்காலத்தில், 2015இல், யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவொன்று தொடங்கப்பட்டது.