டின்பாலும் தோட்டத்து நாவும்

கோலா குபு பாருவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில், பொழுது புலருமுன் பெரட்டுக்கு எழுந்தோர் பலரின் முதல் ஆகாரம் டின்பால் கலந்த தேநீரே. தமிழகத்துச் சிற்றூர்களினின்று கப்பலேறிய முதல் தலைமுறையினர் இச்சுவையை உடன் கொணர்ந்தாரல்லர். ஊரில் அவர்கள் அறிந்தவை நீராகாரமும் கூழும் மோருமே. அங்ஙனமாயின் இவ்வேட்கை எவ்வாறு பிறந்தது?

இனிப்பை நாடுதல் பிறவிக்குணம். பிறந்த குழவியும் இனிப்புக்கு முகம் மலரும், கசப்புக்குச் சுளிக்கும். ஆயினும் எவ்வளவு இனிப்பு, எந்த உணவில் என்பதைப் பழக்கமே வரையறுக்கிறது. அப்பழக்கம் கருவிலேயே தொடங்குவதுண்டு. கருவுற்ற காலத்தில் தாய் பருகிய காரட் சாற்றின் சுவையைக் குழந்தை பின்னர் விரும்பி ஏற்றதை அமெரிக்க ஆய்வொன்று 2001இல் காட்டியது.

கெயில் போர்டன் என்ற அமெரிக்கர் 1856இல் பாலை வற்றச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1866இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய ஆங்கிலோ-சுவிஸ் கம்பெனி 1912இல் பினாங்குக்கு வந்தது. வெப்ப நாட்டில் கறந்த பால் அரைநாளில் திரிந்துவிடும். டின்பாலோ திறந்த பின்னும் சில நாள் தாங்கும். அதன் எடையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட சீனி கிருமிகளை வளரவொட்டாது. பால் கெடாதிருக்க இட்ட அச்சீனியே நாவைப் பழக்கிற்று! குளிர்ப்பெட்டியோ பசுவோ இல்லாத லயத்து வீட்டுக்கு வேறு வழியும் அரிது. ஆதலின் அம்மக்களைச் சுவையறியாதார் எனப் பழித்தல் முறையன்று.

குழந்தைகள் திறத்திலோ இது கொடிதாயிற்று. தாயர் பால்மரம் வெட்டச் செல்லக் கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் கிடந்தன. பகலில் தாய்ப்பால் அரிது. 1936இல் மலாயாவுக்கு வந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், நீர் கலந்த டின்பாலால் குழந்தைகள் நலிந்து மடிவதைச் சிங்கப்பூரில் கண்டார். 1939இல் அந்நகர ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தகாத பாலைத் தகுந்ததெனப் பரப்பும் விளம்பரத்தால் நேரும் சாவு கொலையே என்பது அவர் வாதம். வணிகர் கூட்டத்தின் நடுவே இதனைச் சொன்ன துணிவு பெரிது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணம் சேர்ந்தனர். சுவையும் உடன் சென்றது. 2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியோரில் நூற்றுக்கு 31 பேர்க்கு நீரிழிவு இருந்தது. டின்பால் ஒன்றே காரணமென்றல் பொருந்தாது. எனினும் அதற்குப் பங்கில்லை என்றலும் அரிது. அவ்வாண்டு சூலை முதல் சீனி மிகுந்த புட்டிப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. கடையில் கரண்டியால் டின்பால் வார்த்து ஆற்றித் தரும் தேநீருக்கு அவ்வரி இல்லை.