விலாசமும் முகவரியும்: ஈதர்நெட் வரலாற்றில் ஒரு கலைச்சொற் சிக்கல்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் சில காணப்படுகின்றன. போசள மன்னன் வீர இராமநாதன் காலத்துக் கல்வெட்டும் அவற்றுள் ஒன்று. லூயிஸ் ரைஸ் 1905ஆம் ஆண்டு பதிப்பித்த 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைக் கொண்டதாகும். தொம்மலூர்க் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் தொம்பலூர் என்றும் தொம்மலூர் என்றும் வருகிறது. தேசிமாணிக்கப்பட்டணம் என்ற மற்றொரு பெயரும் அதற்கு உண்டு. மெல்லினத்தை அடுத்த வல்லினம் அம்மெல்லினமாகவே திரிவது திராவிட மொழிகளில் இயல்பான ஓரினமாதல் ஆகலின், முதலிரு வடிவங்களுக்கும் விளக்கம் எளிது. மூன்றாவது வணிகம் இட்ட பெயர். கன்னடத்தில் சொல்முதல் ஒலிப்புடை ஒலியாகவும், ஆங்கில வழக்கில் 'டொம்லூர்' எனவும் இன்று அது வழங்குகிறது.

இவ்வூருக்கு இன்று 560071 என்னும் அஞ்சல் எண்ணும் உண்டு. 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் எண் முறையில் 5 தென்மண்டலத்தின் ஒரு பகுதியையும், 56 கருநாடகத்தையும், 560 பெங்களூரையும், இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் சுட்டும். தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயரைக் கேட்டவர்க்கு அவ்வூர் எத்திசையில் உள்ளது என்று தெரியாது. 560071 என்ற எண்ணைக் கண்ட அஞ்சலகப் பணியாளர் ஊரையே அறியாவிடினும் கடிதத்தை எப்பையில் இடவேண்டும் என்பதை அறிவார். முன்னது பெயர், பின்னது முகவரி. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு கணினி வலையமைப்பைத் தமிழில் எழுதுவோரிடம் மங்கிப்போயிருப்பதே இங்கு ஆய்வுக்குரியது. வலைப்பின்னலில் ஒரு பொறிக்கு இரண்டு எண்கள் உள்ளன. இரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டுகிறது. தமிழும் அதைப் பின்பற்றி இரண்டையும் 'முகவரி' என்றே குறித்துவருகிறது.

1. நாற்பத்தெட்டு பிட் எண்

அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரிலிருந்த சிராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில் 'ஈதர்' என்னும் சொல் வலைப்பின்னலுக்கு இடப்பட்டது. ஒளியைத் தாங்கிச் செல்வதாக ஒருகாலத்தில் கருதப்பட்டு, 1887ஆம் ஆண்டின் மைக்கல்சன், மார்லி சோதனைக்குப் பின் அறிவியலில் நிலைகுலைந்த கற்பனை ஊடகத்தின் பெயர் அது. மறைந்த கருத்தின் பெயர் புதிய பொருளுக்கு மறுபிறப்பெடுத்த நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம். மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோரின் கட்டுரை 1976இல் வெளிவந்தது. அந்தத் தொடக்ககால ஈதர்நெட்டில் ஒரு பொறியின் எண் 8 பிட் அளவினதே. 256 பொறிகளுக்கு மேல் ஒரு வடத்தில் வேறுபடுத்த இயலாது.

1980 செப்டம்பர் 30 அன்று டிஜிட்டல், இன்டெல், சிராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வரையறையில் அவ்வெண் 48 பிட்டாக விரிந்தது. இதற்கான காரணத்தை 1981ஆம் ஆண்டு யோகன் தலால், ராபர்ட் பிரிண்டிஸ் இருவரும் ஒரு கட்டுரையில் விளக்கினர். தலால் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். விண்ட் செர்ஃப், கார்ல் சன்ஷைன் ஆகியோருடன் 1974 டிசம்பரில் 'இன்டர்நெட்' என்ற சொல் இடம்பெற்ற முதல் வரையறை ஆவணத்தை எழுதியவர். 1981ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பு மொழியியலார் கவனத்துக்குரியது. அதில் 'முகவரி' என்ற சொல்லே இல்லை. '48 பிட் தனிநிலைப் பொறியெண்கள்' என்ற பொருளிலேயே தலைப்பு அமைந்துள்ளது. எந்த வடத்தில் இணைந்திருப்பினும், எந்த நாட்டுக்குக் கொண்டு செல்லப்படினும் மாறாத எண் என்பது அதன் கருத்து. முதல் 24 பிட்டுகள் செய்த நிறுவனத்தையும், எஞ்சிய 24 பிட்டுகள் அந்நிறுவனம் செய்த பொறிகளுள் இன்னது என்பதையும் குறிக்கும். ஏறத்தாழ 281 லட்சம் கோடி எண்கள் இதனால் கிடைக்கின்றன. குலப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்த அமைப்பு இது. இருக்கும் இடத்தைப் பற்றி அதில் ஒரு குறிப்பும் இல்லை.

இதற்கு மாறாக 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்ட இணைய நெறிமுறையின் 32 பிட் எண் 560071 போன்றது. முற்பகுதி வலைப்பின்னலையும் பிற்பகுதி அதனுள் பொறியையும் சுட்டும். பொறி இடம்பெயர்ந்தால் எண்ணும் மாறும். ஜான் ஷாக் 1978லேயே பெயர், முகவரி, வழி ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டியிருந்தார்: தேடப்படுவது எது என்பது பெயர், அது எங்குள்ளது என்பது முகவரி, அங்குச் செல்வது எவ்வாறு என்பது வழி. எனினும் ஈதர்நெட் எண்ணுக்கு 'முகவரி' என்ற வழக்கே நிலைத்துவிட்டது. பொறியாளர்களுக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு.

2. சட்டகமும் இயங்குதளமும்

ஈதர்நெட்டில் செல்லும் ஒவ்வொரு செய்திக்கும் 'சட்டகம்' என்று பெயர். 'சட்டம்' என்று வழங்குவோரும் உளர். நீதிமன்றச் சட்டத்தோடு மயங்குவதால் முன்னதே ஏற்றது. அதன் தலைப்பகுதி 14 பைட்டுகள் கொண்டது. முதல் ஆறு பெறுநரின் எண். அடுத்த ஆறு அனுப்புநரின் எண். இறுதி இரண்டு உள்ளடக்கத்தின் வகை. தமிழ் அலுவலகக் கடிதத்தில் அனுப்புநர் முன்னும் பெறுநர் பின்னும் வருதல் மரபு. சட்டகம் இவ்வரிசையை மாற்றுகிறது. தனக்குரியதன்று எனில் முதல் ஆறு பைட்டுகளோடு புறக்கணிக்க ஏதுவாகும் என்பதே இதன் பயன். தலைப்பகுதியை அடுத்து 46 முதல் 1500 பைட்டு வரை உள்ளடக்கமும், ஈற்றில் பிழை காண உதவும் 4 பைட்டுகளும் அமையும்.

வகையைச் சுட்டும் அந்த இரண்டு பைட்டுகள் ஒருகாலத்தில் இருபொருள் ஒருசொல்லாயின. மூன்று நிறுவனங்களின் வரையறை அவற்றை வகை என்றது. 1983இல் ஏற்கப்பட்ட ஐ.இ.இ.இ. தரம் அவற்றையே நீளம் என்றது. இரு சாரார் எழுதிய சட்டகங்களும் ஒரே வடத்தில் ஓடின. மதிப்பு 1500 வரை இருந்தால் நீளம், 1536 அல்லது அதற்கு மேல் இருந்தால் வகை என்ற விதி பின்னர்த் தரத்திலும் இடம்பெற்று வழக்கைத் தீர்த்தது. சூழலால் அன்றித் தன் அளவாலேயே பொருள் தெளியும் இத்தகைய சொல் இயற்கை மொழியில் அரிது.

சட்டகத்தை இயங்குதளம் தன் நினைவகத்தில் எவ்வாறு வைத்துக்கொள்கிறது என்பது அடுத்த வினா. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1983இல் வெளியிட்ட யுனிக்ஸ் வடிவம் (4.2பி.எஸ்.டி.) செய்தியை 128 பைட்டு கொண்ட சிறு துண்டங்களின் சங்கிலியாக வைத்தது. 1991இல் தோன்றிய லினக்சில் ஒரே தொடர்ச்சியான இடம் ஒதுக்கப்பட்டு, அதன் முன்னே சிறிது வெற்றிடம் விடப்படுகிறது. ஒவ்வோர் அடுக்கும் தன் தலைப்பை அவ்வெற்றிடத்தில் எழுதித் தொடக்கக் குறியை இடப்புறம் நகர்த்தும். வந்த செய்தியைப் படிக்கையில் குறி வலப்புறம் நகரும். எழுத்து எதுவும் பெயர்த்தெழுதப்படுவதில்லை. 'வீடுகளிலிருந்து' என்பதில் உருபுகள் பகுதியின் வலப்புறம் ஒட்டுவதற்கு நேர்மாறாக இங்கு ஒட்டுகள் இடப்புறம் சேர்கின்றன எனலாம். பிழைகாண் பைட்டுகள் மட்டும் பின்னொட்டு.

பைட்டுகளின் வரிசையிலும் ஒரு மொழிச் சிக்கல் உண்டு. இரண்டு பைட்டு எண்ணில் பெரிய மதிப்புடைய பைட் முதலில் வருமா, சிறியது வருமா என்ற பூசலுக்கு டேனி கோஹன் 1980இல் ஜானதன் ஸ்விஃப்ட்டின் 1726ஆம் ஆண்டுக் கதையிலிருந்து பெயர் எடுத்தார். முட்டையைப் பெருமுனையில் உடைப்போரும் சிறுமுனையில் உடைப்போரும் அக்கதையில் போரிடுவர். வலைப்பின்னல் பெருமுனை வழக்கை ஏற்றது. பெர்க்லி யுனிக்ஸ் இயங்கிய வாக்ஸ் கணினியோ சிறுமுனை வழக்கினது. 0800 என்ற வகையெண்ணை அது திருப்பாமல் படித்தால் 0008 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்றும் ஆணை தேவைப்பட்டது. தமிழர்க்கு இது புதிதன்று. தமிழ் எண்ணுப்பெயர் 'இருபத்து மூன்று' எனப் பெரியதை முன் வைக்கும். வடமொழியின் 'திரயோவிம்சதி'யும் இந்தியின் 'தேயீஸ்' என்பதும் மூன்றை முன் வைக்கும்.

3. கேட்டறிதல்

8 பிட் எண் இருந்த காலத்தில் ஈதர்நெட் எண்ணை இணைய முகவரியின் கடைசி பைட்டிலேயே அடக்கிவிட முடிந்தது. 48 பிட் எண் 32 பிட் முகவரிக்குள் அடங்காது. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட்டு அறிய வழியில்லாமற் போயிற்று. 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய வரையறை இதற்குக் கண்ட தீர்வு மிக எளியது: உரக்கக் கேட்பது. 48 பிட்டும் ஒன்றாக உள்ள பெறுநர் எண்ணை இட்டு, வடத்திலுள்ள அனைவர்க்கும் வினா அனுப்பப்படும். உரியவர் மட்டும் கேட்டவர்க்குத் தனியே விடை தருவார். வினாவின் நீளம் 28 பைட்டுகளே. 46 பைட்டுக் குறைந்தபட்ச அளவை எட்ட 18 வெற்று பைட்டுகள் சேர்க்கப்படும்.

1988 முதல் வழங்கும் டி.சி.பி.டம்ப் என்னும் கருவி இவ்வினாவை 'யாரிடம் உள்ளது, இன்னாருக்குச் சொல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிடுகிறது. விடையை 'இம்முகவரி இவ்வெண்ணில் உள்ளது' என அச்சிடுகிறது. விடையின் இலக்கணம் ஆராயத்தக்கது. எண்ணை இடமாக்கி ஏழாம் வேற்றுமைப் பொருளைத் தருகிறது அவ்வாக்கியம். உண்மையில் நிகழ்வது இடச்சுட்டு அன்று, உடைமைச் சுட்டு. 'இம்முகவரிக்கு உரியவர் இவ்வெண்ணினர்' என்ற நான்காம் வேற்றுமைத் தொடரே பொருளோடு பொருந்தும். தமிழில் இதனை வினைமுற்றில்லாத பெயர்ப் பயனிலையாகவே சொல்லிவிடலாம் என்பது ஒரு வசதி.

விடை வரும் வரை செய்தியைக் கைவிடாது ஒன்றையேனும் காத்திருக்கச் செய்யவேண்டும் என்று 1989 அக்டோபரில் வெளியான விதித்தொகுப்பு பரிந்துரைத்தது. பெற்ற விடை அட்டவணையில் எழுதப்படுகிறது. பெர்க்லி வழக்கில் அது 20 நிமிடம் நம்பப்பட்டது. லினக்சில் ஏறத்தாழ அரை நிமிடத்துக்குப் பின் 'பழையது' என்ற நிலைக்குப் போய், தேவைப்படும்போது மறுபடி சரிபார்க்கப்படுகிறது. இங்கு அட்டவணையின் பெயர் 'அண்டையர் அட்டவணை'. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் எண்ணால் குறிக்கப்படாது, கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என அண்டை நிலங்களால் எல்லை காட்டப்பட்டதை இச்சொல் நினைவூட்டுகிறது.

விடை சொன்னவர் உரியவர்தாமா என்பதை அறியப் பிளம்மரின் வரையறையில் வழி இல்லை. அட்டவணையின் ஒவ்வொரு வரியும் தமிழில் 'வந்தானாம்' என்பதிலுள்ள 'ஆம்' என்னும் இடைச்சொல் ஏற்கத்தக்கது, கேள்வியறிவே அது. பிறர்க்குரிய முகவரியைத் தனதென்று பொய்விடை தந்து அவர் செய்திகளைத் தன்வழித் திருப்பும் ஏமாற்று இதனால் நிகழ்கிறது. மொழிபெயர்ப்பாளர் இந்நெறிமுறையை 'முகவரித் தீர்வு' என எழுதும்போது ஐயம் தீர்ந்ததாக ஒரு பொருள் ஏறிவிடுகிறது. தீர்வதற்கு இங்கு ஒன்றும் இல்லை. 'கேட்டறிதல்' என்பது அடக்கமான சொல். பிழைபடவும் கூடும் என்பதை மறைக்காத சொல்.

4. பெங்களூரும் கலைச்சொல்லும்

இந்தியாவில் இவ்விரு எண்களும் ஒருங்கே பழக்கத்துக்கு வந்தது எர்நெட் என்னும் கல்வி ஆய்வு வலைப்பின்னல் வழியாகவே எனலாம். மின்னணுவியல் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியுடன் 1986இல் அதனைத் தொடங்கியது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், அத்துறை என எட்டு இடங்கள் அதில் சேர்ந்தன. 1995 வரை இணைய நெறிமுறையும் அனைத்துலகத் தர அமைப்பின் போட்டி நெறிமுறையும் அதில் இணையாக இயங்கின. அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கும் இணையம் திறக்கப்பட்டபின் தமிழில் விளக்க நூல்கள் பெருகின. 'ஊடக அணுகல் கட்டுப்பாட்டு முகவரி' என்பது போன்ற சொல்லுக்குச் சொல் பெயர்ப்புகளும் அவ்வகை எழுத்தில் இடம்பெற்றன. நான்கு சொற்களில் மூன்று பயில்வோர்க்கு எதையும் உணர்த்துவதில்லை. நான்காவது தவறாக உணர்த்துகிறது.

இவ்விடத்தில் தமிழின் பழைய வணிக வழக்கு ஒன்று கைகொடுக்கிறது. நகரத்தார் தம் வணிகக் குடும்பத்தைச் சுட்டும் முதலெழுத்துகளை 'விலாசம்' என்பர். எம்.சிடி.எம். என்பது அத்தகையது. அவ்விலாசத்தைச் சேர்ந்த சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒருசேரத் திறக்கப்பட்டது. காரைக்குடியில் இருந்தாலும் இரங்கூனில் இருந்தாலும் ஒருவரது விலாசம் ஒன்றே. ஆள் எங்கிருக்கிறார் என்பதை அது சொல்லாது. எந்தக் குடும்பத்தவர் என்பதைச் சொல்லும். முதற்பாதி செய்த நிறுவனத்தைச் சுட்டும் 48 பிட் எண்ணுக்கு இதைவிட நெருங்கிய சொல் ஆங்கிலத்திலும் இல்லை. ஈதர்நெட் எண்ணுக்கு 'விலாசம்' என்றும், இணைய நெறிமுறை எண்ணுக்கு 'முகவரி' என்றும் வகுத்தால், நெறிமுறையின் பணியை 'முகவரிக்குரிய விலாசம் கேட்டறிதல்' என ஒரே தொடரில் சொல்லிவிடலாம்.

இதற்கு வலுவான தடை ஒன்று உண்டு. இலங்கையிலும் மலேசியாவிலும் தமிழகப் பேச்சுவழக்கிலும் 'விலாசம்' என்பது வீட்டு முகவரியே. அங்குள்ள பயில்வோர்க்கு இவ்வேறுபாடு செயற்கையாகத் தோன்றும். அவ்வாறு கருதுவோர் 'பொறியெண்' எனலாம். தலாலின் தலைப்புக்கு அது நேர்பெயர்ப்பாகவும் அமையும். எதுவாயினும் இரண்டாம் எண்ணுக்கும் 'முகவரி' என்பதை நீட்டிப்பது மட்டும் பொருந்தாது.

அண்மைக் கால மாற்றம் ஒன்று இச்சிக்கலுக்கு மற்றொரு படியைச் சேர்த்துள்ளது. மாறாத எண்ணைக் கொண்டு கைப்பேசி வைத்திருப்பவரின் நடமாட்டத்தையே பின்தொடர முடிந்ததால், ஆப்பிள் 2014இலும் 2020இலும், ஆண்ட்ராய்டு 2019இலும் கருவி தானே ஒரு தற்செயல் எண்ணைப் புனைந்துகொள்ளும் முறையைப் படிப்படியாகப் புகுத்தின. தலாலின் 'தனிநிலை' எண் இவற்றில் வெளியே தெரிவதில்லை. தரத்தில் இதற்கு முன்பே இடம் இருந்தது: முதல் பைட்டின் கடைசிக்கு முந்தைய பிட் 1 ஆக இருந்தால் அவ்வெண் தொழிற்சாலை இட்டதன்று. தமிழில் இவ்வேறுபாட்டுக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. இயற்பெயர், புனைபெயர் என்னும் இரண்டும் போதும். பதினாறடிமான எண்ணாக எழுதப்பட்ட ஈதர்நெட் எண்ணின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாயின் அது புனைபெயர்.