செங்காந்தள்

வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் படரும் கிழங்குக் கொடி. தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. 1753இல் லின்னேயஸ் இட்டது. ஆப்பிரிக்காவிலும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் இயல்பாக வளர்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. ஈழத்தில் கார்த்திகைப்பூ, உழவர் பேச்சில் கண்வலிக் கிழங்கு, மருந்துக் கடைகளில் கலப்பைக் கிழங்கு. முன்பு லில்லிக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். இப்போது கோல்ச்சிகேசி என்னும் தனிக் குடும்பத்தில் இருக்கிறது. கொல்கிசின் என்ற நஞ்சு அந்தக் குடும்பத்துச் சொத்து. செங்காந்தளின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த நஞ்சைச் சுற்றியே நடந்தது.

இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கொடி ஏறும். தலைகவிழ்ந்த பூவில் ஆறு இதழ்கள் அலையலையான விளிம்புடன் மேல்நோக்கி வளைந்திருக்கும். மலரும்போது பச்சையும் மஞ்சளுமாக இருப்பவை சில நாட்களில் முழுச் சிவப்பாகும்.

சங்கப் பாடல்களில் காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூ, முருகனுக்கு உரியது, பெண்களின் விரலுக்கு உவமை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் நீண்ட பூப்பட்டியல் இதில்தான் தொடங்குகிறது. பயிர் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது அவருடைய குறுந்தொகைப் பாடல் ஒன்று (361). தலைவனின் மலையில் மாலையில் பெய்த மழை, காலையில் ஒரு காந்தளை வேரோடு அடித்துக்கொண்டு வருகிறது. தலைவி அதைத் தழுவிக்கொள்கிறாள்; வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள்; தாய் தடுக்கவில்லை. காட்டுக் காந்தளை ஒருவர் வீட்டில் நட்டு வைத்ததைச் சொல்லும் மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று.

மருத்துவர்களுக்குப் பூவைவிடக் கிழங்கே வேண்டியிருந்தது. சித்த, ஆயுர்வேத முறைகளில் அதைச் சுத்தி செய்த பின்னரே சேர்ப்பார்கள். பேறுகாலத்தில் அரைத்து மேலே பூசும் வழக்கமும் இருந்தது. கொடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. உண்ணும் கிழங்கென்று எண்ணித் தின்று இறந்தவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. பிழைத்தவர்களுக்குத் தலைமுடி கொத்தாக உதிரும். இந்திய மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப்பொருள் பட்டியலில் இலாங்கலி என்ற பெயரில் இது இடம்பெற்றிருக்கிறது.

கொல்கிசினை 1820இல் பெல்லட்டியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் ஐரோப்பியச் செடியான கோல்ச்சிகத்திலிருந்து பிரித்தெடுத்தனர். செல் பிரிவதை அது தடுத்துவிடும். கீல்வாத வலிக்கு இன்றும் அது மருந்து. 1937இல் பிளேக்ஸ்லீ, ஏவரி இருவரும் கொல்கிசினால் தாவரங்களின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டினார்கள். விதையில்லாத் தர்ப்பூசணி அந்த வழியில் வந்ததே. செங்காந்தள் விதையிலும் கொல்கிசின் மிகுதி. அதோடு கிடைக்கும் கொல்கிகோசைடிலிருந்து தயோகொல்கிகோசைடு என்னும் தசைத்தளர்வு மாத்திரை செய்கிறார்கள்.

தேவை பெருகியதும் காட்டுக்கொடி வயலுக்கு இறங்கியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்தில் அது வயற்பயிராயிற்று. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பகுதிகளில் ஆடியை ஒட்டி நடுகிறார்கள். தண்ணீர் தேங்காத செம்மண் வேண்டும். கலப்பை வடிவக் கிழங்கின் முளை தொட்டால் ஒடியும். ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். எக்டேருக்குச் சுமார் இரண்டு டன் விதைக்கிழங்கு தேவைப்படுவதால் முதல் செலவு பெரிது. ஆனால் ஒருமுறை நட்டது மண்ணிலேயே கிடந்து சில ஆண்டுகள் பலன் தரும். கொடி ஏற முள்கிளுவை, விராலிக் குச்சிகளை ஊன்றுவார்கள். கம்பிப் பந்தல் போடுவோரும் உண்டு.

பூக்கும் காலத்தில்தான் பாடு. சூலகத்தண்டு அடியிலேயே மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், பூ தானாகக் காய்ப்பது குறைவு. வண்ணத்துப்பூச்சியை நம்பினால் கட்டுப்படியாகாது. காலை வெயில் ஏறுமுன் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு பூவிலும் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். புதிதாக மலர்பவை தினமும் இருக்கும் என்பதால் வேலை வாரக்கணக்கில் நீளும். லில்லிப் புழு இலையை மொட்டையடிக்கும். அழுகல் நோய் கிழங்கைத் தின்னும். எல்லாம் தப்பினால் எக்டேருக்கு 200 முதல் 250 கிலோ விதை கிடைக்கும். பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது. விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கான ரூபாய் என்றாலும், அதை முடிவு செய்வது வாங்கும் சிலரே. ஓராண்டின் விலையை அடுத்த ஆண்டு எதிர்பார்க்க முடியாது. கவிதையில் பெயர் வாங்கிய பூவுக்கு இந்த வணிகத்தில் காசு இல்லை. காய் பிடித்த பின் அது வயலிலேயே வாடி உதிரும்.

பூவுக்காக வளர்ப்பவர்கள் நெதர்லாந்திலும் ஜப்பானின் கோச்சியிலும் இருக்கிறார்கள். பசுமைக்குடில்களில் வளர்த்துப் பூங்கொத்துக்கு விற்கிறார்கள். தமிழகக் காடுகளில் கிழங்குக்காகத் தோண்டித் தோண்டியே இயற்கைக் காந்தள் அருகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவிய அதே கொடியை, களை என்று பிடுங்கி எறிகிறார்கள்.