சுரங்கப்பாதைத் தொழிலாளருக்குப் பயிற்சி: லண்டனும் சென்னையும்

கிழக்கு லண்டனில் தமிழர்கள் கணிசமாக வாழும் செவன் கிங்ஸ், 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் ரயில் பாதையில் உள்ள நிலையங்களில் ஒன்று. இந்தப் பாதைக்காக லண்டன் நகரின் அடியில் 42 கிலோமீட்டர் நீளச் சுரங்கங்களைத் தோண்டியவர்களில் பலர், செவன் கிங்ஸுக்கு அடுத்துள்ள இல்ஃபர்டில் பயிற்சி பெற்றவர்கள்.

திட்டம் தொடங்கியபோது பிரிட்டனில் சுரங்க வேலை தெரிந்தவர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை. இருந்தவர்களில் பலர் ஓய்வு வயதை நெருங்கியிருந்தனர். எனவே, கிராஸ்ரெயில் நிறுவனம் 2011இல் இல்ஃபர்டில் தனிப் பயிற்சிக் கழகமொன்றைத் திறந்தது. மாதிரிச் சுரங்கமும், சுரங்கச் சுவரில் கான்கிரீட் பீய்ச்சிப் பழகுவதற்கான கூடமும் அங்கு அமைக்கப்பட்டன. நிலத்தடியில் பணிபுரியப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கட்டாயமாக்கப்பட்டது.

கட்டடத்தை விட முக்கியமானது ஒப்பந்த நிபந்தனை. ஒப்பந்தத் தொகையின் அளவுக்கேற்பப் பயிற்சியாளர்களையும் புதிய தொழிலாளர்களையும் சேர்க்க வேண்டிய பொறுப்பு ஒப்பந்ததாரர்கள் மீது சுமத்தப்பட்டது. 400 பயிற்சியாளர்களைச் சேர்ப்பது இலக்காக இருந்தது. முடிவில் அந்த எண்ணிக்கை 1,000ஐத் தாண்டியது.

இத்திட்டம் 2018 டிசம்பரில் முடிந்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிட முடியாது. ஆனால் தோண்டும் பணி 2015லேயே நிறைவடைந்திருந்தது. பின்னர் ஏற்பட்ட நீண்ட தாமதத்துக்குச் சமிக்ஞை முறைகளையும் கணினி அமைப்புகளையும் ஒருங்கிணைப்பதில் இருந்த சிக்கல்கள் முக்கியக் காரணம்.

சென்னையின் நிலை வேறு. அங்கு மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளமானது. அதற்கான சுரங்கப் பணி 2022 அக்டோபரில் மாதவரத்தில் தொடங்கியது. பொறியாளர்களுக்கென ஐஐடி மெட்ராஸுடன் இணைந்து முதுநிலைப் பட்டயப் படிப்பொன்றைச் சென்னை மெட்ரோ நிறுவனம் ஏற்படுத்தியது. தொழிலாளர்களுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. வட, கிழக்கு இந்திய மாநிலங்களிலிருந்து வருவோர் உட்பட, பெரும்பாலோர் வேலை செய்தபடியே தொழிலைக் கற்கின்றனர்.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என 2019இல் விதிகள் திருத்தப்பட்டன. ஆனால் துணை ஒப்பந்தக்காரர்களிடம் வேலை சிதறிக் கிடக்கும் கட்டுமானத் துறையில், யார் யாருடைய ஊழியர் என்பதே தெளிவற்றது.

சென்னைத் திட்டத்துக்குக் கடன் தரும் ஜப்பானிய அமைப்பும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் தொடர்பாக நிபந்தனைகள் விதிக்கின்றன. லண்டனைப் போலப் பயிற்சியையும் அவற்றுடன் சேர்ப்பது செலவு மிகுந்த காரியமன்று. அது இல்லாதவரை, சென்னையில் பல ஆண்டுகள் சுரங்க வேலை பழகிய ஒருவர் வேறு நகரத்துக்குச் செல்லும்போது, தன் திறமைக்குச் சான்றாகக் காட்ட எதுவுமின்றி உதவியாளர் கூலியிலிருந்தே மீண்டும் தொடங்க நேரிடும்.