மறுக்கப்பட்ட கோப்பை

கள்ளுண்ணாமை அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அதன் இறுதி இரு குறள்களில் நாம் சற்று நின்றுவிடுவது வழக்கம். குடித்தவனிடம் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் ஏந்தித் தேடுவதற்கு ஒப்பு என்கிறது முதலாவது. அடுத்தது, குடிப்பவன் தான் குடிக்காதிருக்கும் வேளையில் குடித்துக் களித்த இன்னொருவனைக் காண்பானாயின் தன் சோர்வை எண்ணிப் பார்க்கமாட்டானா என வினவுகிறது. சொல்லால் ஆகாதது காட்சியால் ஆகலாம் என்பது குறிப்பு. இக்காட்சியை அப்படியே திருப்பிப் போட்டால் என்ன நிகழும்? குடித்துக்கொண்டிருப்பவன் முன், நேற்றுவரை தன்னோடு குடித்தவன் குடிக்காமல் வந்து அமர்ந்தால்?

1934ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கிளின்டன் தெரு 182ஆம் எண் வீட்டின் சமையலறையில் அவ்வாறே நிகழ்ந்தது. வீட்டில் இருந்தவர் பில் வில்சன். பங்குச் சந்தையில் கொழித்து, பின் குடியால் யாவும் இழந்தவர். வந்தவர் எபி தாச்சர். இருவரும் வெர்மான்ட் மாநிலத்தில் இளமை முதலே பழகியவர்கள். அவர்களுடைய நட்பின் இயல்பை அறிய ஒரு செய்தி போதும். 1929இல் ஆல்பனி நகரில் விடியும்வரை குடித்த இருவரும், வெர்மான்ட்டின் மான்செஸ்டர் ஊரில் அப்போதுதான் அமைந்துகொண்டிருந்த விமானத் திடலுக்கு ஒரு விமானத்தை அமர்த்திப் பறந்தனர். அத்திடலில் இறங்கும் முதல் விமானம் அது என்று ஊர்ப் பெரியோர் வரவேற்கத் திரண்டிருக்க, இவர்கள் நிற்கவும் இயலாத நிலையில் வந்திறங்கினர்.

அத்தகைய எபி வருகிறார் என்றதும் பில் மகிழ்ந்தார். மேசைமேல் ஜின்னும் அன்னாசிப் பழச்சாறும் தயாராயின. பழைய நாட்கள் திரும்பிவிட்டன என்றே எண்ணினார். கோப்பையை நகர்த்தினார். எபி வேண்டாம் என்றார்.

அவ்வாண்டுக் கோடையில் குடியின் பொருட்டு மனநல விடுதியில் அடைக்கப்படவிருந்தவர் எபி. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற சமய இயக்கத்தைச் சேர்ந்த சிலர் நீதிபதியிடம் பேசி அவரை மீட்டனர். அவர்களுள் ரோலண்ட் ஹசார்டு என்பவர் தாமே குடியில் அழுந்தி, உளவியலறிஞர் கார்ல் யுங்கிடம் மருத்துவம் நாடியவர். இவற்றையெல்லாம் எபி அமைதியாகச் சொன்னார். பில்லைக் கண்டிக்கவில்லை, உறுதிமொழி எதுவும் கேட்கவுமில்லை.

இங்கு வாசகர் கருத வேண்டிய ஒன்று உண்டு. அன்று பில் குடியை விட்டுவிடவில்லை. நண்பர் எழுந்து போன பின்னும், அதற்கடுத்த நாட்களிலும் குடித்தார். ஆனால் தன்னைவிடக் கடைத்தேற வழியற்றவன் என்று தான் கருதியிருந்த ஒருவன் தெளிந்த முகத்தோடு எதிரே இருந்த காட்சி அவரை விட்டு அகலவில்லை. டிசம்பர் 11ஆம் நாள் டவுன்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் சில்க்வொர்த்திடம் சேர்ந்தார். அதன்பின் அவர் குடிக்கவில்லை.

பில்லின் மனைவி லோயிஸை நாம் மறந்துவிடலாகாது. 1918இல் மணம் புரிந்தது முதல் அழுதும் வேண்டியும் அவரால் ஆகாதது, எபியின் வருகையால் தொடங்கியது. கணவர் தெளிந்த பின், ஒருநாள் கூட்டத்துக்கு விரைவுபடுத்திய அவர்மேல் லோயிஸ் தம் காலணியைத் தூக்கி எறிந்தார். பிற்காலத்தில் அவரே இதனை விரும்பிச் சொல்வார். குடிப்போரின் குடும்பத்தினருக்காக 1951இல் ஆல்-அனான் என்ற அமைப்பு உருவானதில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

தெளிந்த பில் செய்த முதற்காரியம் நாமெல்லாம் செய்யக்கூடியதே. அறிவுரை கூறத் தொடங்கினார். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் குடிப்போரைத் தேடித் தேடிப் பேசினார். ஒருவரும் திருந்தவில்லை. போதனையைக் குறைக்குமாறு சில்க்வொர்த்தே அவருக்குச் சொல்ல நேர்ந்தது. 1935 மே மாதம், ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்ற பில், காரியம் கைகூடாமல் மேஃபிளவர் விடுதியின் முகப்பில் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபுறம் தொலைபேசி. இன்னொரு குடிநோயாளியோடு பேசாவிடில் தான் குடித்துவிடுவோம் என்று அஞ்சித் தொலைபேசியை நாடினார். அவ்வழியே மே 12 அன்று கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். பதினைந்து நிமிடமே தருவேன் என்ற நிபந்தனையோடு வந்த பாப் ஆறு மணி நேரத்துக்கும் மேலாக இருந்தார். பாப்பும் இடையில் ஒருமுறை வழுக்கி விழுந்தவரே. ஆயினும் அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது.

பில் சொன்னவற்றுள் பெரும்பகுதி தாம் முன்பே அறிந்ததுதான் என்று பாப் பின்னர் எழுதினார். தன் அனுபவத்திலிருந்து பேசிய முதல் மனிதர் அவர் என்பதே வேறுபாடு. இவ்விடத்தை வாசிக்கையில் நம் கல்லூரிக் காலத் தோழர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். நாம் ஒருபோதும் குடித்ததில்லை. அவருக்குப் பல்லாண்டு அறிவுரை சொன்னோம், குறளும் சொன்னோம். ஒருநாள் அவர், "தாகமே எடுக்காதவன்கிட்ட தண்ணியப் பத்தி என்னய்யா பேசுறது?" என்றார். அன்று நமக்குச் சினமே வந்தது. அவர் இன்றில்லை.

இவ்வுண்மை 1934இல் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1840 ஏப்ரலில் பால்டிமோர் நகரின் மதுவிடுதி ஒன்றில் கூடிக் குடித்துவந்த அறுவர், மதுவிலக்குச் சொற்பொழிவொன்றைக் கேட்டுவருமாறு தம்முள் சிலரை அனுப்பினர்; விரைவிலேயே குடிப்பதில்லை எனக் கையொப்பமிட்டனர். அவர்கள் தோற்றுவித்த வாஷிங்டன் சங்கத்தின் கூட்டங்களில் குடியை விட்டவர்கள் எழுந்து தம் கதையைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தம் நண்பரை அழைத்து வந்தார்கள். 1842 பிப்ரவரி 22 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் இச்சங்கத்தினர் முன் உரையாற்றிய ஆபிரகாம் லிங்கன், போதகரும் வழக்குரைஞரும் கூலிக்குப் பேசுவோரும் தோற்ற இடத்தில் இவர்கள் வென்றது எவ்வாறு என விளக்கினார். கண்டனத்தால் எவரும் திருந்துவதில்லை, தான் உன் நண்பன் என்பதை முதலில் உணர்த்து என்பது அவ்வுரையின் சாரம். இத்தனைக்கும் லிங்கன் மது அருந்தாதவர். அச்சங்கமோ சில ஆண்டுகளிலேயே சிதைந்து மறைந்தது.

இனி எபி. வரலாறு நம்மை வருத்துவது இவரிடத்தில்தான். 1937இல் அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கினார். பின் விடுவதும் தொடங்குவதுமாக ஆண்டுகள் கழிந்தன. இடையே டெக்சாஸில் சில ஆண்டுகள் தெளிந்திருந்தார். அவர் ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தில் ஆயிரமாயிரம் பேர் வழி கண்டுகொண்டிருந்த காலத்தில், அவர் தாமே இருளில் தடுமாறினார். நண்பனைக் காத்த தெளிவு அவரைக் காக்கவில்லை என்பதைக் கொண்டு அந்தத் தெளிவே பொய் என்பாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கிளின்டன் தெரு மேசையில் அவர் கோப்பையை மறுத்த அந்தப் பொழுது மெய்யானது.

பில் அவரைக் கைவிடவில்லை. பண உதவி செய்துவந்தார். தன்னை வழிநடத்தியவர் எபியே என்று எங்கும் கூறினார். எபி தம் கடைசிக் காலத்தை நியூயார்க் மாநிலத்தில் குடிநோயிலிருந்து மீள்வோருக்கான ஒரு பண்ணை இல்லத்தில் கழித்து, 1966 மார்ச் 21 அன்று மறைந்தார். அப்போது அவர் குடிக்காமல்தான் இருந்தார்.