வெட்டுப்பட்ட சக்கரவர்த்திகள்

உறையூர் என்றதும் சுருட்டும் கைத்தறிச் சேலையும்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். அந்தத் துணி வியாபாரத்துக்கு வயது இரண்டாயிரம் ஆகிறது. கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான 'பெரிப்ளஸ்' சொல்லும் 'அர்காரு' என்ற ஊர் உறையூர்தான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்து மெல்லிய துணி ஏற்றுமதி ஆனதாம்.

சரி, பதிலுக்கு வந்த காசு என்ன ஆச்சு?

உறையூரிலிருந்து தெற்கே, புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்கக் காசுகள்! அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் (கி.பி. 69-79) வரை. பல நன்றாகத் தேய்ந்தவை. விசேஷம் அதுவல்ல. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், மன்னர் தலையின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தன.

ஏன் வெட்டினார்கள்? அந்நிய அரசனின் அதிகாரத்தை ஏற்க மறுத்த அடையாளம் என்கிறார்கள் சிலர். தேய்ந்து எடை குறைந்த காசைப் புழக்கத்திலிருந்து விலக்கியது என்கிறார்கள் வேறு சிலர். பி.காம். படிக்கிறவன் என்பதால் என் ஓட்டு இரண்டாவதற்கே! முழுக் காசு ஏறக்குறைய 7.8 கிராம், நம் சவரனுக்குக் கொஞ்சம் கம்மி. தேயத் தேய, எண்ணி வாங்குகிறவனுக்கு நஷ்டம். முகத்தில் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் அது காசல்ல, வெறும் தங்கம். தராசில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

நம்மவர்கள் உலோகத்தைத்தான் பார்த்தார்கள் என்பதற்கு வெள்ளியும் சாட்சி. நீரோ கி.பி. 64-ல் வெள்ளிக் காசின் தரத்தைக் குறைத்தான். தமிழகத்தில் கிடைக்கும் வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே. டைபீரியஸ் காசின் பின்பக்கம் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். ரோமானியருக்கு அவள் அமைதியின் உருவமோ, அரசனின் தாய் லிவியாவோ... இங்கே யாருக்கு அது தெரிந்திருக்கும்? துளையிட்டுக் கழுத்தில் கோத்துக்கொண்டவர்களும் உண்டு. காசுமாலை ஆசை இன்று நேற்று வந்ததில்லை போலும்!

செப்புக் காசின் கதை வேறு. கரூரில் அமராவதி மணலிலும், மதுரையிலும், இலங்கையிலும் 4, 5-ம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் நிறையக் கிடைக்கின்றன. சின்னஞ்சிறியவை. எடைபோட்டு விற்க அதில் என்ன இருக்கிறது? சில்லறையாகக் கைமாறியே பல காசுகளில் முகமும் எழுத்தும் மழுங்கிப்போயின. இலங்கையில் இவை போதாமல், இதே மாதிரியில் உள்ளூரிலேயே அச்சடித்துக்கொண்டார்கள்.