மறந்தவர் உயிர்த்தெழுவது எங்ஙனம்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் சபையார் ஒருவரின் தாயார் மறதிநோயால் பல்லாண்டுகள் வருந்தினார். இரவுப்பணி முடித்து வீடு திரும்பும் மகனை நோக்கி, "நீ யாரப்பா?" என்று வினவுவார். அவ்வம்மையாரை அடக்கம்செய்த நாளில் மகன் நம்மிடம் கேட்டார்: "ஐயா, கடைசி நாளில் எந்த அம்மா எழும்புவார்கள்? என்னை அறிந்திருந்த அம்மாவா, மறந்துபோன அம்மாவா?" அன்று நாம் 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தை வாசித்தோமேயன்றி அவருக்கு விடை கூறவில்லை. அவ்வினா நம்மை விட்டகலாமையால், இத்திருவள்ளூர் மாவட்டத்து மண்ணிலேயே இதனைச் சிந்தித்தோர் உண்டோவென ஆராயலானோம். இருவேறு சமயத்தாரின் சாட்சி இரண்டு ஊர்களில் கிடைக்கிறது.

முதலாவது திருவாலங்காடு. சிவபெருமானின் ஐந்து ஆடற்சபைகளுள் இரத்தினசபை என வழங்கும் தலம் அது. காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடிக்கீழ் பாடியிருந்த இடம் அதுவே என்று 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் கூறும். அந்நூலின்படி, அம்மையார் இறைவனிடம் பிறவாமையை வேண்டினார். மீண்டும் பிறக்க நேரின் இறைவனை மறவாமையை வேண்டினார். இவ்வேண்டுதலை இறையியல் மாணவர் எளிதிற் கடந்து செல்லலாகாது. ஆன்மா அழியாதென்பதில் அம்மையாருக்கு ஐயமில்லை. ஆயினும் ஆன்மா தொடர்வது மட்டும் போதுமானதன்று. உறவை அறியாத தொடர்ச்சியால் பயனென்ன? அந்நினைவையும் அவர் தம் ஆற்றலால் காத்துக்கொள்ள எண்ணாமல், அருளாகக் கேட்டார்.

இரண்டாவது பழவேற்காடு. ஒல்லாந்தர் 1613-இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையை அங்கு எழுப்பினர். 1630-களில் அக்குடியிருப்பின் போதகராயிருந்தவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ். பத்மநாபன் என்னும் அந்தணரிடம் போர்த்துக்கீசிய மொழியில் உசாவியறிந்து, இந்நாட்டுச் சமயத்தைப்பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். 1649-இல் அவர் மரித்தபின், 1651-இல் லைடன் நகரில் அது வெளிவந்தது. மறைந்துள்ள புறமதத்திற்குத் திறந்த கதவு என்பது அதன் பெயரின் பொருள். அப்பெயரில் அக்காலத்து ஐரோப்பியரின் மேட்டிமை தொனிப்பினும், அவர் காதுகொடுத்துக் கேட்டவர். பர்த்ருஹரியின் நீதிமொழிகள் ஐரோப்பிய மொழியொன்றை முதன்முதல் எட்டியது அந்நூலின் வழியாகவே. வினைக்கேற்ப ஆத்துமா உடல் மாறிப் பிறக்கும் என்ற நம்பிக்கையும் அதில் இடம்பெற்றது.

ரொஜேரியுஸ் சார்ந்திருந்த சீர்திருத்தத் திருச்சபை 1563-ஆம் ஆண்டின் ஐதல்பர்க் வினாவிடையைப் போதித்தது. அதன் 57-ஆம் வினா உடலின் உயிர்த்தெழுதலைக் குறித்தது. மரித்தவரின் இவ்வுடலே எழுப்பப்பட்டு ஆத்துமாவோடு மீண்டும் சேரும் என்கிறது விடை. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்ட வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. உடல் அடையும் கதியை அம்மக்கள் மறைக்கவில்லை. அதே உடலைக் குறித்தே நம்பிக்கையும் கொண்டனர்.

அந்நூல் வெளிவந்து அரைநூற்றாண்டு நிறைவதற்குள், இங்கிலாந்தில் ஜான் லாக் இப்பொருளைப் புதிய வகையில் எழுப்பினார். மனித அறிவைப்பற்றிய தம் நூலின் 1694-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் ஓர் அதிகாரத்தைச் சேர்த்தார். ஒருவரை அவராக்குவது ஆத்துமாவன்று, உணர்வே. முற்பிறவியின் நினைவு சிறிதுமில்லையேல், ஆத்துமா ஒன்றேயாயினும் ஆள் வேறே என்றார். நியாயத்தீர்ப்பு நீதியாயிருக்கவும் இது வேண்டும் என்பது அவர் கருத்து. பின்னர்ப் பேராயரான ஜோசப் பட்லர் 1736-இல் இதனை மறுத்தார். முன்பு செய்தவர் நாமே என்பதை நினைவு காட்டுகிறதேயன்றி, நம்மை நாமாக ஆக்குவது அதுவன்று என்பது அவர் வாதம். லாக்கின் அளவுகோலைக் கொண்டால், நம் சபையாரின் தாயார் அடக்கத்திற்கு முன்பே இல்லாமற்போனார் என்று சொல்ல நேரிடும். பட்லரின் மறுப்பு அம்முடிவினின்று நம்மைக் காக்கிறது. ஆயினும், நினைவு அற்றபின் அவரை அவராகக் காப்பது எது என்பதற்கு அது விடையாகாது.

அவ்விடைக்கு ஐதல்பர்க் வினாவிடையின் முதல் வினாவுக்கே திரும்ப வேண்டும். வாழ்விலும் சாவிலும் நமக்குள்ள ஒரே ஆறுதல் எது என்று அது கேட்கிறது. நாம் நமக்கு உரியவரல்லர், உடலோடும் ஆத்துமாவோடும் கிறிஸ்துவுக்கு உரியவர் என்பதே மறுமொழி. நாம் யார் என்பதற்கான ஆதாரம் நம் நினைவில் வைக்கப்படவில்லை. நமக்கு உரிமையாளராகிய அவரிடத்தில் வைக்கப்பட்டுள்ளது. சிலுவையிலிருந்த கள்வனும் தன்னை நினைத்தருளும்படியே ஆண்டவரிடம் கேட்டான். தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று தேவன் உரைப்பதாக ஏசாயா 49:15 கூறுகிறது. கல்லறைத் தோட்டத்தில் மரியாளும் ஆண்டவரைத் தானாக அறிந்துகொள்ளவில்லை. பெயர்சொல்லி அழைக்கப்பட்டபோதே அறிந்தாள்.

ஆதலின், அடக்க ஆராதனையில் ஆத்துமா அழியாது என்று மட்டும் கூறி அமைவது போதாது. திருவாலங்காட்டு அம்மையாரும் அதனோடு அமையவில்லை. மறவாமை அருளால் வருவது என்று அவர் அறிந்திருந்தார். அவ்வருளை, மறந்துபோனவரையும் மறவாத தேவனாக நாம் பிரசங்கிக்கக் கடமைப்பட்டுள்ளோம். அம்மகனை மீண்டும் காணும்போது நாம் கூறவிருப்பது இது: உம்மை அறிந்திருந்த அம்மாவும் மறந்துபோன அம்மாவும் இருவரல்லர், அவ்வொருவரை, அவரே மறந்துபோன பெயரைச் சொல்லி ஆண்டவர் அழைப்பார்.